சூலத்தில் கட்டிய அட்டை

எந்த ஊரிலும் நான் ஒரு வருடம் முழுதாக இருந்ததில்லை. அக்காள் போனில் கூப்பிட்டபோது ஜொகூரில் கோழி லாரியில் வேலைக்கு ஏறியிருந்தேன்.

"தம்பி, பையன லோக்காப்புல போட்டுட்டாங்க. ஜெயில்தானாம்."

அக்காள் மகனுக்குப் பதினாறு வயது. பாடாங் மேஹா பக்கத்தில் அவர்கள் குடியிருக்கும் செம்பனைத் தோட்டத்தில் மளிகைக் கடைக்காரர் ரேடியோவில் தன்னைத் திட்டுகிறார் என்று சொல்லி, இரும்புக் குழாயால் அவர் கையை உடைத்திருந்தான். அந்தக் கை இன்றும் சரியாக மடங்காது. அக்காளுக்கு முன்பல் இரண்டு இல்லை, அதுவும் அவன் கைதான். குளியலறையில் வழுக்கி விழுந்தேன் என்று ஊருக்குச் சொல்லி வைத்திருந்தாள்.

வக்கீல் அம்மாள் ஒன்றுதான் கேட்டார்: இவன் எப்போதாவது மனநல மருத்துவரைப் பார்த்திருக்கிறானா? அக்காள் தரையைப் பார்த்தாள். வெளியே வந்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"பார்த்தோம்லா. இங்க தெரிஞ்சா இவன் தங்கச்சிய யாரும் கட்ட மாட்டான்னு, பண்டார் பாரு தாண்டி பேராக் பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். மூணு தடவ."

"ஆஸ்பத்திரி அட்டை எங்க?"

"முனியாண்டி சாமிகிட்ட."

மாத்திரையை நிறுத்து, நோயைச் சாமியிடம் ஒப்படை என்று தோட்டத்துக் கோயில் பூசாரி சொல்லியிருக்கிறார். இவளும் ஆஸ்பத்திரி அட்டையை மஞ்சள் துணியில் முடிந்து, கோயில் சூலத்தில் கட்டிவிட்டு வந்துவிட்டாள். தோட்டத்தில் யாருக்குச் சிக்கல் வந்தாலும் அதற்கான காகிதம் சூலத்துக்குத்தான் போகும். அட்டையின் எண் இருந்தால், அவனுக்கு நோய் உண்டென்று அந்த ஆஸ்பத்திரி உடனே கடிதம் தரும். இல்லாவிட்டால் வாரக் கணக்கில் ஆகும். வழக்குக்கு இருந்தது நான்கு நாள்.

கோயிலுக்குப் போய்ப் பார்த்தால், சூலத்தில் ஐம்பது முடிச்சாவது தொங்கியது. வெயிலில் எல்லாம் ஒரே நிறமாக வெளுத்திருந்தன. அக்காள் தொட மறுத்தாள். நான் அவிழ்க்கத் தொடங்கினேன்.

"டேய் ஊர்சுத்தி! வேண்டுதல அவுத்தா ரத்தம் கக்குவடா," என்றார் பூசாரி.

"கக்குனா நானே கழுவிட்டுப் போறேன், பெரியப்பா."

முதல் முடிச்சில் யாரோ ஒரு பிள்ளையின் பரீட்சை நுழைவுச்சீட்டு. அடுத்ததில் நாலு நம்பர் லாட்டரிச் சீட்டு. பிரித்ததையெல்லாம் திரும்பக் கட்டினேன். ஏழாவதில் ஐஸ் கட்டும் பிளாஸ்டிக் பைக்குள் அட்டை இருந்தது. ஓரம் பூஞ்சணம் பூத்திருந்தாலும் எண் தெரிந்தது.

"எப்படிப் பொட்டலம் கட்டிருக்கே பாரு," என்றேன். அக்காள் சிரிக்கவில்லை. சூலத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அன்றே பேராக் போனேன். மூன்றாம் நாள் கடிதம் கைக்கு வந்தது. மாஜிஸ்திரேட் அதை இரண்டு முறை படித்தார். சிறை வேண்டாம், இரண்டு வருடம் மருந்தும் கண்காணிப்பும் என்றார். மாதாமாதம் மருத்துவரிடம் அழைத்துப்போய், தினமும் மாத்திரை விழுங்க வைக்க ஒரு பெரிய ஆள் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட வேண்டும். அவன் அப்பன் சிங்கப்பூரிலிருந்து வரவில்லை. அவனை அடக்க முடியாத அக்காள் என் சட்டையைப் பிடித்திருந்தாள். கையெழுத்துப் போட்டேன்.

இப்போது அவனோடு கோலா கெத்திலில் தங்கி, எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றுகிறேன். என் பை ஆணியில் தொங்குகிறது, துணியை இன்னும் எடுத்து அடுக்கவில்லை. லாரி சத்தம் கேட்டால் கால் தானாக வாசலுக்குப் போகிறது. அவன் விரல்கள் முஷ்டியாக மடங்கும் நாட்களில் மேசைக்கு அந்தப் பக்கம் நின்று பேசுகிறேன்.

"மாமா, எப்பக் கெளம்புற?"

"முதல்ல மாத்திரைய முழுங்குடா."

முழுங்கினான்.

"நீ போனா நான் உள்ள போவணும். தெரியும்லா?"

"தெரியும். நாக்கத் தூக்கு."