ஒரே டப்பா ஃப்ரைஸ்

தம்பி அமெரிக்காவுல சான் டியேகோவிலேர்ந்து வந்து இறங்கின நாளா எனக்கு ஒரே குடைச்சல். இவன் ஏன் வந்தான்? தீபாவளியும் இல்லை, பொங்கலும் இல்லை. கேட்டா, "சும்மாதான்க்கா"ன்னுவான். பால்கனியில உட்கார்ந்து பருத்திப்பட்டு ஏரியையே பார்ப்பான். சோத்தை அளைஞ்சுட்டு எழுந்துடுவான்.

வாயைத் திறந்து பேசினது ஒரே விஷயம்தான்: கார்னே அசாடா ஃப்ரைஸ். அந்த ஊர் மெக்சிகோக்காரங்க கடையில கிடைக்குமாம். பொரிச்ச உருளைக்கிழங்கு மேல சுட்ட மாட்டுக்கறி, உருகின சீஸ், மசிச்ச பட்டர் ஃப்ரூட் எல்லாத்தையும் கொட்டித் தருவாங்களாம்.

"அய்யே, கிழங்கு நமுத்துடாதா?"

"நமுக்கணும்க்கா. அதான் ருசியே."

நம்புவேனா நான்?

வயிறு நிறைஞ்சா வாய் திறப்பான்னு கணக்குப் போட்டேன். எதிர்வீட்டம்மாகிட்ட உதவி கேட்டேன், பூந்தமல்லிக்காரங்க. பாய் கடையில நல்ல கறியா வாங்கி, எலுமிச்சை பூண்டு தடவி, தோசைக்கல்லுல சுட்டும் கொடுத்தாங்க. பட்டர் ஃப்ரூட்டை நான் மசிச்சேன். கை தன் பாட்டுக்கு சர்க்கரையை அள்ளிப் போட்டுடுச்சு. நமக்கு அது ஜூஸ் பழமாச்சே! எதிர்வீட்டம்மா ருசி பார்த்துட்டு, "இன்னாம்மா, பாயசம் கிண்டிகினு கீறியா?"ன்னு சிரிச்சாங்க. வேற பழம் மசிச்சேன்.

நமுத்துடக் கூடாதுன்னு ஃப்ரைஸ் தனி, கறி தனி, சீஸ் தனின்னு ஆளாளுக்குக் கிண்ணம் கிண்ணமா பரப்பினேன். தம்பி "நல்லாருக்குக்கா"ன்னு ஒரு வாய் தின்னுட்டு எழுந்தான். எனக்கு வந்ததே கோபம்!

"அப்படி என்னடா குறைச்சல்?"

"அது ஒரே டப்பாவுல வரும்க்கா. ஆபீஸ் முடிஞ்சு நாங்க ஃப்ரெண்ட்ஸ் நாலு பேரும் ஒண்ணா தின்போம்."

"ச்சீ, எச்சில்"னு வாய் வரைக்கும் வந்துடுச்சு. அதுக்குள்ள எதிர்வீட்டம்மா அவங்க ஊட்டுக்குப் போய் சஹனைத் தூக்கிட்டு வந்துட்டாங்க. முஸ்லிம் வீட்டு விசேஷத்துல நாலு பேர் சுத்தி உட்கார்ந்து சாப்பிடுற பெரிய தட்டு அது. எல்லாத்தையும் அதுல ஒண்ணா கவிழ்த்தாங்க. மூணு பேரும் தரையில உட்கார்ந்தோம். நல்ல துண்டா பார்த்து தம்பி பக்கம் தள்ளினாங்க. விருந்தாளிக்கு அப்படித்தான் செய்வாங்களாம்.

எனக்கு முதல் வாய் இறங்கவே இல்லை. அப்புறம் கறிச்சாறு ஊறின கிழங்கு ஒண்ணு மாட்டுச்சு. அட, பயல் சொன்னது நிஜம்தான்!

ஒரே தட்டுல சாப்பிடும்போது யாரும் யார் முகத்தையும் பார்க்கறதில்லை, கண்ணெல்லாம் தட்டுலதான். அப்படிக் குனிஞ்சபடியே தம்பி சொன்னான்: "வேலை போயிடுச்சுக்கா. எங்க நாலு பேருக்குமே."

எனக்கு அழுகைதான் வந்தது. என் பக்கம் இருந்த கறியை அவன் பக்கம் தள்ளினேன்.