பெரிய ஸ்கிரீனும் எட்டாத கட்டைவிரலும்

அவளுக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று அந்தப் பகுதியில் பலரும் சொல்வார்கள். பதினாறு வருடமாக வீடு வீடாகப் போய்க் கரண்ட் மீட்டர் ரீடிங் எடுக்கிறவளுக்குக் கோபம் வராமல் இருந்தால்தான் அதிசயம். நாயைக் கட்டாமலேயே "ஒண்ணும் பண்ணாது, வாங்க" என்பார்கள். மீட்டர் பெட்டிக்கு முன்னால் பழைய மெத்தையைச் சாத்தி வைத்திருப்பார்கள். மணி அடித்தால் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துவிட்டு ஆளே இல்லாத மாதிரி இருப்பார்கள். அந்தக் கோபமெல்லாம் படி இறங்குவதற்குள் தணிந்துவிடும். தணியாத கோபம் ஒன்று அவளுக்கு வந்தது, ஆபீசில் புது போன் கொடுத்த பிறகுதான்.

அதற்கு முன்பு ரீடிங் எடுப்பவர்களிடம் இருந்தது உள்ளங்கையில் அடங்கும் ஒரு கறுப்புக் கருவி. பட்டன்களைப் பார்க்காமலே அவள் விரல் எண்களை அழுத்தும். ஆனால் அதன் ஸ்கிரீன் தீப்பெட்டி அளவுதான். நாற்பத்து மூன்று வயதில், மாடிப்படிக்கு அடியிலிருக்கும் இருட்டில், எட்டா மூன்றா என்று தெரியாமல் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்ப்பாள். அதனால் பெரிய ஸ்கிரீன் வைத்த போன் வந்த முதல் வாரம் அவளே அதைப் புகழ்ந்தாள். எண்கள் சுவரில் எழுதிய மாதிரி தெரிந்தன. மீட்டரைப் படம் எடுத்துக்கொள்ளலாம். "நான் இவ்வளவு கரண்ட் எரிக்கவே இல்லையே" என்று யாராவது சண்டைக்கு வந்தால், படத்தைப் பெரிதாக்கி, "நல்லா பாருங்க, உங்க மீட்டர்தானே, உங்க பூட்டுதானே?" என்று வாயை அடைத்துவிடலாம். சாயங்காலம் வரைக்கும் சார்ஜ் நின்றது. ஸ்கூல் வேன் ஓட்டும் அவள் கணவன் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது போன் இல்ல, ஜன்னல்" என்றான்.

இரண்டாவது வாரம் வினை ஆரம்பித்தது. பாதி மீட்டர்கள் தலைக்கு மேல் இருக்கும். பெட்டியின் மூடி மேலிருந்து தொங்கும். ஒரு கையால் தூக்கிப் பிடித்தால்தான் உள்ளே பார்க்க முடியும். மிச்சமிருப்பது ஒரே கை. அதில் அந்தப் போன் நிற்பதே பாடு. ரீடிங்கைப் பதிவு செய்கிற பட்டனோ ஸ்கிரீனின் மேல் இடது மூலையில் இருந்தது. அவள் வலது கட்டைவிரலை எவ்வளவு நீட்டினாலும் ஒரு விரற்கடை குறைந்தது. பாக்கெட்டில் வைக்கலாம் என்றால், யூனிபார்ம் சட்டைப் பாக்கெட்டில் பாதி போன் வெளியே நிற்கும், குனிந்தால் கீழே.

சூப்பர்வைசரிடம் மூன்று தடவை சொன்னாள். மூன்று தடவையும் அவர், "பழகிடும்மா. எனக்கு ஒண்ணும் கஷ்டமாத் தெரியலையே" என்றார். அவருக்கு முறம் மாதிரி கை. அப்படியிருந்தும் போனை மேஜைமேல் வைத்துக்கொண்டுதான் தட்டுவார்.

ஒரு காலை, அடுக்குமாடி வீடு ஒன்றில் பிளாஸ்டிக் ஸ்டூல்மேல் ஏறி நின்றாள். இடது கையில் மூடி, வலது கையில் போன். படம் எடுத்தாயிற்று, எண் போட்டாயிற்று. பட்டனை அழுத்தக் கட்டைவிரலை நீட்டினாள். போன் சாய்ந்தது. அதைப் பிடிக்க மூடியை விட்டாள். மூடி நெற்றியில் அடித்தது, ஸ்டூல் சறுக்கியது, வலது உள்ளங்கையை ஊன்றி விழுந்தாள். மணிக்கட்டு எலும்பு முறிந்தது. போனில் ஒரு கீறல்கூட இல்லை.

மூன்றாம் நாள் சூப்பர்வைசர் ஒரு படிவத்தோடு வீட்டுக்கு வந்தார். "ஒரு கையெழுத்து போட்டுட்டா லீவு உடனே பாஸ் ஆயிடும்" என்றார்.

அவள் வாங்கிப் படித்தாள். 'ஊழியரின் கவனக்குறைவால் ஏற்பட்ட விபத்து' என்று அச்சடித்தே வைத்திருந்தார்கள்.

மாவுக்கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டினாள். "எந்தக் கையால போடச் சொல்றீங்க சார்?"

"கைநாட்டு வெச்சாக்கூடப் போதும்மா."

கணவன் மெதுவாக, "வெச்சுத் தொலையேன், எதுக்கு வம்பு" என்றான். அவள் அவன் பக்கம் திரும்பினாள். "பதினாறு வருஷம் ஸ்டூல் ஏறியிருக்கேன். ஒரு தடவை விழுந்திருக்கேனா? இப்ப மட்டும் எனக்குக் கவனம் எங்க போச்சு? நீங்க அவருக்கு காபி கொடுத்து அனுப்புங்க. நான் கையெழுத்து போடப் போறதில்ல."

மறுவாரம் தானே ஆபீசுக்குப் போனாள். அந்தப் போனைத் தேர்ந்தெடுத்த பெரிய அதிகாரி ஒரு பெண்மணி. பொறுமையாகத்தான் பேசினார். "பெரிய ஸ்கிரீன் வேணும்னு நீங்க எல்லாரும் கேட்டதுதானே? கண்ணுக்கு எவ்வளவு நல்லது!"

"நல்லது இல்லைன்னு நான் சொல்லல மேடம். கண்ணுக்கு நல்லதுதான். கைக்கு? இதை வாங்குறதுக்கு முன்னாடி ஒரே ஒரு பெட்டியைத் திறந்து பார்த்தீங்களா? யாராவது?"

அதிகாரி பக்கத்தில் நின்ற சூப்பர்வைசரைப் பார்த்தார்.

"அப்ப இப்ப பாருங்க. உங்க வராந்தாலயே ஒரு மீட்டர் இருக்கு."

அதிகாரி எழுந்து வந்தார். எக்கி நின்று இடது கையால் மூடியைத் தூக்கினார், வலது கையில் போனைப் பிடித்தார். எண்ணைப் போட்டுவிட்டார். கட்டைவிரல் மூலையை நோக்கிப் போய்ப் போய்த் திரும்பியது. சூப்பர்வைசர் ஓடிவந்து மூடியைத் தாங்கப் போனார்.

"விடுங்க சார்" என்றாள் அவள். வராந்தா முழுக்கக் கேட்டது. "எனக்கு ஒரு நாளும் யாரும் வந்து பிடிச்சதில்ல."

அவர் கையை இழுத்துக்கொண்டார். போன் வழுக்கியது, அதிகாரி அதை மார்போடு அணைத்துக் காப்பாற்றினார். மூடி விழுந்து அவர் விரல் கணுக்களில் இடித்தது. ஒரு கிளார்க் சிரிப்பை இருமலாக்கினார்.

அதிகாரி விரல்களைத் தேய்த்துக்கொண்டே, "பட்டனைக் கீழே மாத்தச் சொல்றேன்" என்றார்.

"சரி மேடம். அந்த வார்த்தையை?"

படிவம் வந்தது. 'கவனக்குறைவு' அடிக்கப்பட்டு, 'ஒரு கையால் இயக்க முடியாத கருவி' என்று எழுதப்பட்டது. அவள் இரண்டு தடவை படித்துவிட்டு, இடது கையால் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டாள்.

பட்டன் கீழே வர நாலு மாதம் ஆயிற்று. அதற்குள் எல்லாருக்கும் போனைக் கையோடு மாட்டிக்கொள்ள ஒரு பட்டை கொடுத்தார்கள். பெரிய ஸ்கிரீன் அப்படியேதான் இருக்கிறது. அதை எடுத்துவிடச் சொல்லி அவளும் கேட்கவில்லை. ஆனால் அவள் மணிக்கட்டு இன்னும் முழுதாகத் திரும்பாது. பூட்டில் சாவியைத் திருப்பும்போதெல்லாம் சுருக்கென்று வலிக்கும். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை இன்றுவரை யாரும் கேட்கவில்லை. காலையில் சூப்பர்வைசர், "கை எப்படிம்மா இருக்கு?" என்று விசாரித்தால், அவள் அன்றைய தெருப் பட்டியலை வாங்கிக்கொண்டு வெளியே நடந்துவிடுகிறாள்.