எர்த் குழிக்கு ஒரு குடம்

போன வாரம் சிறுநீரகக் கல் சந்தேகத்தில் கோவில்பட்டி கிளினிக் ஒன்றில் படுத்திருந்தேன். சின்ன வயது டாக்டரம்மா விலாவில் ஜெல்லைத் தடவி, முடிவெட்டும் மிஷின் அளவே இருந்த கருவியைத் தன் செல்போனில் மாட்டி வைத்து அழுத்தினார். சிறுநீரகம் பளிச்சென்று தெரிந்தது, குறுக்கே ஒரு கோடுகூட இல்லை. கல் இருக்கிறதா என்று கேட்க வேண்டியவன், "இதுக்கு எர்த் எங்க மேடம்?" என்று கேட்டுவைத்தேன்.

"பேட்டரி சார். எர்த்தெல்லாம் எதுக்கு?"

அதுவும் சரிதான்.

ஜெல்லின் அந்தக் குளிர்ச்சியில் எனக்குச் சபூராக்கா ஞாபகம் வந்துவிட்டது. தப்பாக நினைத்துவிடாதீர்கள். பல வருஷங்களுக்கு முன் இதே ஊரில், ஒரு கல்லூரியின் பின்பக்க அறையில், அல்ட்ராசவுண்ட் ஆராய்ச்சிக்கான எலக்ட்ரானிக் போர்டு செய்துகொண்டிருந்தோம். அவர் சீனியர், நான் எடுபிடி மாதிரி ஓர் இன்ஜினியர். உடம்புக்குள் போய்த் திரும்பும் ஒலி மெலிந்துதான் வரும். அதைப் பிடித்துப் பெரிதாக்கிக் கம்ப்யூட்டருக்குக் கொடுப்பது எங்கள் போர்டின் வேலை. சோதித்துப் பார்க்க, அக்காவுடைய வாப்பா கடையில் நோன்புக்கு விற்று மிஞ்சிய கடல்பாசியைக் காய்ச்சி, உள்ளே நைலான் நூலைக் கட்டி உறையவைப்போம். அதுதான் எங்கள் நோயாளி. நாலு நாளில் பூஞ்சை பிடித்துவிடும்.

மாசியில் கம்ப்யூட்டர் திரையில் துல்லியமாகத் தெரிந்த நூல், சித்திரையில் கோடு கோடாக விழுந்து மறைந்துபோனது. மதுரை டாக்டர் ஒருவர் பார்க்க வருவதாக இருந்தது. அவருக்குப் பிடிக்காவிட்டால் அறையைப் பூட்டிவிடுவார்கள். ஒயர்களை மாற்றினோம். போர்டைத் தகரப் பெட்டிக்குள் வைத்தோம். ஃபேனை நிறுத்திவிட்டு வேர்வையில் உட்கார்ந்தோம். கோடு போவேனா என்றது.

"நம்ம தலையெழுத்துதான் தம்பி தெரியுது" என்றார் அக்கா.

அந்த ஞாயிறு சொந்த ஊரான பசுவந்தனைக்குப் போனேன். எங்கள் புஞ்சையில் நடக்கையில் ஒரு செருப்பு கரிசல் வெடிப்புக்குள் விழுந்துவிட்டது. கம்பை விட்டுத் துழாவும்போதுதான் உறைத்தது. எங்கள் கருவியின் எர்த் கம்பி போய் இறங்குவதும் இந்த மண்ணில்தானே! மண்ணோடு அந்தப் பிடி விட்டுப்போனால் வேண்டாத மின்சாரமெல்லாம் படத்தில் கோடாக விழும். கரிசல்காட்டில் பிறந்த மடையன், மண்ணை விட்டுவிட்டு போர்டைக் குடைந்துகொண்டிருந்திருக்கிறேன். செருப்பு கிடைக்கவில்லை. ஒற்றைச் செருப்போடு சந்தோஷமாக வீட்டுக்கு நடந்தேன்.

மறுநாள் அறைக்குப் பின்னால் போய்ப் பார்த்தால், எர்த் குழியில் கம்பி இறங்கும் குழாயைச் சுற்றி விரல் நுழையும் அளவுக்கு மண் விலகியிருந்தது. தண்ணீர் ஊற்றினால் சேர்ந்துவிடும். தண்ணீருக்கு எங்கே போவது? முனிசிபாலிட்டி குழாயில் எப்போதாவது வரும் காலம் அது. கல்லூரித் தொட்டியும் காய்ந்து கிடந்தது. கடைசியில் அக்காதான் ஸ்கூட்டரின் முன்னால் ஒரு குடத்தை இடுக்கிக்கொண்டு வந்தார்.

"வீட்டுல குளிக்கத் தண்ணியில்ல, இங்கன மண்ணக் குளிப்பாட்டுதேன். எங்க உம்மா பாத்தாவன்னா கொன்னுருவாவ."

மண் ஊற ஊறக் கோடுகள் மெலிந்தன. சாயங்காலம் நூல் தெரிந்தது. அதிலிருந்து அவர் வீட்டில் தண்ணீர் வரும் நாளெல்லாம் குழிக்கும் ஒரு குடம் வந்தது.

மதுரை டாக்டர் வந்தார். கடல்பாசியைப் பார்த்தார். பிறகு தன் கழுத்திலேயே கருவியை வைத்து ரத்தக்குழாய் துடிப்பதைப் பார்த்தார். "ரொம்ப நல்லாருக்கு" என்றார். அவ்வளவு நன்றாக இருந்ததால் போர்டைச் சென்னைக்கு எடுத்துப் போய்விட்டார்கள். அங்கே பெரிய ஆய்வகம், ஏற்கெனவே ஆட்கள் இருந்தார்கள். எங்களைக் கூப்பிடவில்லை. அறையைப் பூட்டத்தான் செய்தார்கள்.

கடைசி நாள் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அக்கா குடத்தோடு வந்து நின்றார். அன்று குழாயில் தண்ணீர் வந்திருக்கிறது, பழக்கத்தில் எடுத்து வந்துவிட்டார்.

"போர்டுதான் போயிட்டேக்கா. வீட்டுக்கே கொண்டுபோங்க, உம்மாவுக்காவது ஆவும்."

குடத்தை இடுக்கிக்கொண்டு பின்பக்கம் போனார். நானும் போனேன்.

"போர்டுதானல போயிருக்கு. குழி இங்கனதான கெடக்கு" என்று குடம் முழுவதையும் ஊற்றினார். மண் குடித்து முடிக்கும்வரை இரண்டு பேரும் நின்றோம்.

எனக்குக் கல் சின்னதுதானாம். தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லி அனுப்பினார் டாக்டரம்மா. ஒரு பாட்டில் வாங்கிக்கொண்டு அந்தக் கல்லூரிப் பக்கம் போனேன். சபூராக்கா குடும்பம் ஊரை விட்டுப் போய் வெகுகாலமாகிறது. அறை இருந்த இடம் பைக் ஸ்டாண்டாகிவிட்டது. சிமென்ட் கல் பாவியிருந்தார்கள். குழி இருந்த இடத்தைக் காலால் தேடினேன். ஒரு வெடிப்புகூட இல்லை. கையில் தண்ணீர் இருந்தது, ஊற்றத்தான் இடமில்லை. நானே குடித்துவிட்டு வந்தேன்.