பதினோரு பிஸ்கட் டின்கள்

நெஞ்சைத் திறந்து அறுவை சிகிச்சை செய்தபோது அத்தைக்கு வயது அறுபத்தேழு. எனக்கு ஒன்பது. ஈப்போ மருத்துவமனையிலிருந்து கேமரன் மலைத் தோட்டத்துக்கு அவர் திரும்பிய வாரத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றான எங்கள் லயத்து வீட்டுக்குப் பதினோரு பிஸ்கட் டின்கள் வந்து சேர்ந்தன. எல்லாம் தானா ராத்தா டவுன் கடைகளில் வாங்கியவை. நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு வருவது எங்கள் தோட்டத்தில் வழக்கமில்லை. அத்தைக்கோ சர்க்கரை வியாதி. டின்கள் அலமாரியின் மேல் ஏறின. நான் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அத்தை அப்பாவின் அக்கா. எங்களோடுதான் இருந்தார். மூன்று மாத ஓய்வு முடிந்ததும் அவரை ஈப்போவில் மகனுடைய வீட்டுக்கு அனுப்பிவிடுவது என்று அப்பா முடிவு செய்திருந்தார். அங்கே லிப்ட் உண்டு. இங்கே கடைக்குப் போனாலும் ஏற்றம், கோயிலுக்குப் போனாலும் ஏற்றம். அத்தையின் சவ்சவ் பந்தலோ மலை உச்சியில், மேல் லயத்துக்குப் பின்னால் இருந்தது.

"மேல் லயம் வரைக்கும் ஏறிட்டேன்னா?" என்று அத்தை கேட்டார்.

"ஏறிட்டா இங்கயே இரு, அக்கா" என்றார் அப்பா. ஏற மாட்டார் என்பதில் அவருக்குச் சந்தேகமில்லை.

மருத்துவமனையில் சொல்லியனுப்பிய விதிகள் எளியவை. தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். நடக்கும்போது பேச முடிய வேண்டும். பேச்சு வராவிட்டால் நின்றுவிட வேண்டும். கனம் தூக்கக் கூடாது. பேசுவதில் அத்தைக்குப் பயிற்சி தேவைப்படவில்லை. கனம் தூக்க நான் இருந்தேன். காரணமில்லாமல் நடந்தால் லயமே வேடிக்கை பார்க்கும் என்று, ஒரு நடைக்கு ஒரு டின் என்று எடுத்துக்கொண்டார். முதல் டின் அடுத்த வீட்டுக்கு.

அடுத்த வீட்டு அக்கா மூடியில் இருந்த நசுங்கலைப் பார்த்தார். "இது நான் கொண்டாந்த டின்னு லா."

"தெரியும்டி. நீயே தின்னு. எனக்கு நல்லாயிருச்சு."

"ஒரு வாசப்படி தாண்டுனதுக்கே இவ்ளோ பேச்சா?"

அடுத்த டின் நாலு வீடு தள்ளிப் போனது. பிறகு கீழ் லயத்தின் கடைசி வீட்டுக்கு, கோயில் பூசாரி வீட்டுக்கு, தேயிலை ஆலை வளைவில் இருந்த, தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி வீட்டுக்கு. பேச்சு நின்றால் அத்தை வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு, மலையைப் பார்ப்பதுபோல் நிற்பார். பிறகு விட்ட வாக்கியத்திலிருந்தே தொடங்குவார். வாரங்கள் போகப்போக அந்த இடைவெளிகள் குறைந்தன. அலமாரியும் காலியாகிக்கொண்டு வந்தது. எனக்கு இரண்டாவதுதான் கவலை.

கெடுவுக்கு நான்கு நாள் இருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அப்பா குளிக்கப் போன நேரத்தில் கடைசி டின்னோடு கிளம்பினோம். தேயிலைச் செடிகளுக்கு நடுவே போகும் குறுக்குப்பாதை. அத்தை மூன்று முறை நின்றார். மேல் லயத்தில், அவரோடு முப்பது வருடம் கொழுந்து எடுத்த தோழி வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

"ஏண்டி, பிஸ்கட்டு குடுக்கவா மலையேறி வந்தே?"

"என் பந்தல்ல சவ்சவ்வ யாருடி பறிச்சா?"

"நாந்தான். அழுகட்டும்னு விடவா?"

அப்போது அப்பா அதே பாதையில் ஓடி வந்தார். கைலி மடித்துக் கட்டியபடி, தலையில் சோப்பு நுரை. முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு அக்காவைப் பார்த்தார். வாய் திறந்தது, சொல் வரவில்லை.

"பேச்சு வரலியா தம்பி? அப்ப நிக்கணும். அதான் ரூல்ஸ்" என்றார் அத்தை.

அந்த மாதம் ஈப்போவுக்குப் போனது ஒரு மூட்டை சவ்சவ் மட்டுமே.

அப்பாவைவிட அத்தைக்கு மூச்சு அதிகம் என்பதுதான் அன்று எனக்குக் கிடைத்த செய்தி. மறுநாள் பள்ளியில் எல்லோரிடமும் அதைச் சொன்னேன். மேல் லயம் வரை தார்ச்சாலை போகிறது. அப்பாவின் மோட்டார் சைக்கிள் வாசலிலேயே நின்றிருந்தது. அதை மறந்துவிட்டு ஒரு மனிதர் மலையேறி ஓடி வருகிறார் என்றால், வீட்டில் அக்காவைக் காணாத அந்த நிமிடத்தில் அவர் என்ன நினைத்திருப்பார் என்று யோசிக்க எனக்கு இன்னும் பல வருடங்கள் ஆயின.