சீல் உடைக்காத பெட்டி

யுத்த காலத்தில் தமிழ்ப் பெயருள்ள அடையாள அட்டையோடு மின்சாமான் கொண்டுபோவது லேசான காரியமல்ல. அதனால்தான், என்னிடமிருந்த பழைய ப்ரோசசரை வைத்து மலிவாக ஒரு கம்ப்யூட்டரைப் பாகம் பாகமாகப் பூட்ட, கண்டியில் மதர்போர்ட் வாங்கியபோது, பெட்டியைத் திறக்கவே நான் விடவில்லை.

"பழைய ப்ரோசசர் கையில தானே இருக்கு? போட்டுப் பார்த்திட்டுக் கொண்டுபோங்க தங்கச்சி," என்றார் கடைக்கார நானா.

"வேணாம் நானா. சீல் உடைஞ்சா செக்பொயின்ட்ல ஆயிரம் கேள்வி கேப்பாங்க."

நான் ஊர் திரும்பிய தெல்தோட்டை பஸ்ஸை செக்பொயின்ட்டில் மறித்த சிப்பாய் அந்தச் சீலை ஒரே இழுப்பில் கிழித்தான். இரண்டையும் பூட்டிக் காட்டச் சொன்னான். ப்ரோசசரின் அடியில் ஊசிகள். மதர்போர்டின் குழியிலும் ஊசிகள். எப்படிப் பொருந்தும்? பஸ்ஸே என்னைப் பார்த்தது.

"பிழையானதை வாங்கிட்டேன். மாத்தப் போறேன்," என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு இறங்கினேன்.

நானா பொருந்துகிற போர்டை மாற்றித் தந்தார். கடையிலேயே ப்ரோசசரைப் பூட்டி, பெட்டியில்லாமல் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். அதே சிப்பாய் கை நீட்டினான்.

"தொடாதீங்க, பழுதாகும். கண்ணால பாருங்க."

கையை இழுத்துக்கொண்டான்.

சந்தேகப்படுவது அவன் வேலை. அதற்குப் பயந்து, போட்டுப் பார்த்து வாங்குகிற என் வேலையை நான் விட்டது அந்த ஒரு தடவைதான்.