மாமனார் வாசனைக்குத் தொண்ணூற்றேழு மதிப்பெண்

2009 ஏப்ரல் 7 – வெள்ளைத் தேயிலை, பன்னிரண்டு கிலோ: 2,160 யுவான்.
2009 ஏப்ரல் 9 – மரக் கட்டில், பழையது: 90 யுவான்.
2009 மே முதல் 2023 நவம்பர் வரை – முழங்கால் தைலம், மாதம் இரண்டு புட்டி: புட்டி 18 யுவான்.
2023 நவம்பர் 11 – போட்டி நுழைவுக் கட்டணம்: 200 யுவான்.
2023 டிசம்பர் 2 – முதல் பரிசு: 8,000 யுவான்.

தேயிலையை வாங்கியவர் கெங் போலின். கட்டில் அவருடைய மாமனாருக்கு. தைலமும் அவருக்குத்தான். நுழைவுக் கட்டணம் கட்டியது மனைவி மெய்ச்சின். முதல் பரிசுக்கு மதிப்பெண் போட்டது மறுபடியும் கெங் போலின். இதில் கடைசி வரி மட்டும் நடக்காமல் இருந்திருந்தால் மனிதர் இன்றைக்கும் மானத்தோடு இருந்திருப்பார்.

தியான்தோவ் சந்தையில் போலினின் நாக்கைத் தெரியாதவர்கள் கிடையாது. இருபத்தாறு வருடம் தேயிலை சுவை பார்த்தவர். ஒரு கரண்டி உறிஞ்சி, வாய்க்குள் சுழற்றி, வாளியில் துப்பிவிட்டு, இந்த இலை மலையின் எந்தப் பக்கத்துச் சரிவில் விளைந்தது, பறிப்பதற்கு முந்தைய வாரம் மழை பெய்ததா இல்லையா என்று சொல்லிவிடுவார். அந்த நாக்குக்காக அவர் விட்டது கொஞ்சநஞ்சமல்ல. பூண்டு இல்லை, மிளகாய் இல்லை, வெங்காயத்தாள் இல்லை, மீன்குழம்புச் சாறு இல்லை. பல் விளக்குவது உப்பில். குளிப்பது வாசனையில்லாத சோப்பில். வீட்டில் தேநீர்கூடக் குடிக்க மாட்டார். நாக்குக்கு ஓய்வு வேண்டும் என்று வெறும் வெந்நீர்தான். மெய்ச்சின் கல்யாணமான நாளிலிருந்து இரண்டு சட்டியில் சமைக்கிறாள். ஒன்று மனிதர்களுக்கு, ஒன்று அவருக்கு.

இப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் 2009-இல் மாமனார் ஜோங் யோங்தே வந்து சேர்ந்தார். ஷாச்செங் துறைமுகத்தில் நாற்பது வருடம் மீன்பிடிப் படகுகளில் இன்ஜின் பார்த்தவர். மனைவி போன பிறகு மகளைத் தேடி வந்துவிட்டார். இரண்டு முழங்காலும் கடலோடு போய்விட்டன. படுக்கும் முன் கற்பூர நெடியடிக்கும் தைலத்தை ஊற்றி ஊற்றித் தேய்ப்பார். கூடவே ஆரஞ்சுத் தோலைக் கட்டில் தலைமாட்டில் காயப்போட்டு அவ்வப்போது ஒரு துண்டு வாயில் அடக்கிக்கொள்வார்.

போலின் அவருக்கு மாடியில் கடைசி அறையைக் கொடுத்தார். சாப்பாடும் அங்கேயே போகும். வருடத்தில் நாலைந்து முறை மாமனாரிடம் ஏதாவது பேச வேண்டி வந்தால் வாசலில் நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பேசுவார். அதனால் பேச்சு எப்போதும் சுருக்கமாகவே இருக்கும்.

மாமனார் வந்த அதே வாரத்தில்தான் போலின் வீட்டு மருந்துக்கென்று அந்தப் பன்னிரண்டு கிலோவை வாங்கி, காய்ந்த இடமாகப் பார்த்து வை என்று மனைவியிடம் கொடுத்தார். வெள்ளைத் தேயிலை வறுக்காமல் வெறுமனே உலர்த்துகிற சரக்கு. பக்கத்தில் என்ன இருக்கிறதோ அதைக் குடித்துவிடும். இது போலினுக்குத் தெரியும். அவருக்குத் தெரியாதது, அந்த ஈர வீட்டில் காய்ந்த இடம் ஒன்றே ஒன்றுதான் என்பது. பதினான்கு வருடம் அவர் அங்கே குனிந்து பார்க்கவில்லை. யாருக்காவது காய்ச்சல், தொண்டைக்கட்டு என்றால் மெய்ச்சின் ஒரு பிடி எடுத்துக் கொதிக்கவைப்பாள். குடித்தவர்கள் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள்.

2023-இல் தேயிலை வணிகர் சங்கம் தன் வருடாந்தரப் போட்டியில் புதிதாக ஒரு பிரிவு சேர்த்தது: மணமூட்டிய வெள்ளைத் தேயிலை. போலினுக்கு இது அடியோடு ஆகாது. வெள்ளைத் தேயிலையில் எதையாவது கலப்பவனும் பாலில் தண்ணீர் கலப்பவனும் அவருக்கு ஒன்றுதான். ஆனாலும் நடுவர் பட்டியலில் இருப்பவர் மறுக்க முடியாது. நவம்பர் கடைசியில் ஐந்து நடுவர்களில் ஒருவராகப் போய் உட்கார்ந்தார். முப்பத்தொரு கோப்பைகள், அடியில் எண் மட்டும். ரோஜா, மாம்பழம், தேங்காய், ஒன்றில் பாலாடைக்கட்டி. பீச் பழம் போட்டதைத் துப்பிவிட்டு, பள்ளிக்கூட ரப்பர் என்று எழுதினார்.

பத்தொன்பதாவது கோப்பையில் அவர் கை நின்றது. ஒரு கரண்டி உறிஞ்சினார். இன்னொரு கரண்டி உறிஞ்சினார். இரண்டாவதைத் துப்பவில்லை, விழுங்கினார். இருபத்தாறு வருடத்தில் அவர் போட்டி மேசையில் விழுங்கி யாரும் பார்த்ததில்லை. மற்ற நால்வரும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே தங்கள் மதிப்பெண்ணை ஏற்றிப் போட்டார்கள். போலின் தொண்ணூற்றேழு போட்டார். குறிப்பில் இப்படி எழுதினார்: "மழைக்குப் பின் மலைக்கோயில் மரத்தூண். நடுவில் பழைய ஆரஞ்சுத் தோல். தொண்டையில் இறங்கும்போது வடகாற்று." சங்கத்தார் அதைப் பெரிய துணியில் அச்சடித்து மேடைக்குப் பின்னால் தொங்கவிட்டார்கள்.

பரிசு வாங்க மேடை ஏறியவள் மெய்ச்சின். பக்கத்து வீட்டுக்காரி சொன்னாளென்று விளையாட்டாகத்தான் பிறந்தவீட்டுப் பெயரில் பணம் கட்டியிருந்தாள். போலின் அவளை மேடைக்குப் பக்கத்தில் ஓரமாக இழுத்தார்.

"எங்க வெச்சிருந்த?"

"அப்பா கட்டிலுக்கு அடியிலதாங்க. நீங்கதானே காஞ்ச எடமா பாத்து வெக்கச் சொன்னீங்க."

"பை வாயக் கட்டியிருந்தியா?"

"அடிக்கடி எடுக்கறது. யாரு கட்டிக் கட்டி அவுக்கறது?"

போலின் அங்கேயே ஒரு தேயிலைப் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார். பொழுது சாயும் முன் விஷயம் சந்தை முழுக்கத் தெரிந்துபோனது. வீடு திரும்பியவரை மாடியிலிருந்து மாமனாரின் குரல் வரவேற்றது.

"வாங்க மாப்ளே. அந்த வடகாத்து எந்த முட்டியிலேர்ந்து வந்துச்சுன்னு சொல்லுங்க. எடதா, வலதா?"

கேலியோடு போயிருந்தால் பரவாயில்லை. இரண்டாம் பரிசு வாங்கிய பீச் பழத் தேயிலைக்காரர் ஷீ குவோவெய், நடுவர் தன் பெண்டாட்டிக்கே பரிசு கொடுத்துவிட்டார் என்று சங்கத்தில் புகார் எழுதிக் கொடுத்தார். தலைவர் யே ஷூஹுவா நேரில் வந்தார். வளைத்துப் பேசத் தெரியாத பெண்மணி.

"அண்ணே, ஒண்ணே ஒண்ணுதான் கேக்கணும். உங்க வீட்டுச் சரக்குன்னு தெரிஞ்சு போட்டீங்களா, தெரியாம போட்டீங்களா? தெரிஞ்சுன்னா அது திருட்டு. தெரியாமன்னா நாக்கு போச்சு. ரெண்டுல எத எழுதினாலும் பட்டியல்லேர்ந்து உங்க பேர எடுத்துருவாங்க. எத எழுதிக்கட்டும்?"

போலின் யோசிக்க அவகாசம் கேட்டார். விசாரணை மார்ச்சில் என்று முடிவானது. அந்தப் பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் சந்தையில் அவர் கரண்டியைத் தொட முடியாது. தொடாவிட்டால், பூண்டில்லாமல் கழித்த இத்தனை வருடத்துக்கும் அர்த்தம் இல்லை. சில நாள் கழித்து மனைவியிடம் சொன்னார்:

"திருடன்னே எழுதச் சொல்லிடலாம்னு பாக்கறேன்."

"ஏங்க, செய்யாத திருட்டுக்கா?"

"நாக்கு போச்சுன்னு சொல்றதுக்கு இது எவ்வளவோ மேல்."

மெய்ச்சின் அன்றிலிருந்து ஒரே சட்டியில், மனிதர்களுக்கானதில், சமைத்தாள். போலின் பூண்டைப் பொறுக்கி ஒதுக்கிவிட்டுச் சாப்பிட்டார்.

இதற்கிடையில் ஹாங்சோ நகரத்துத் தேநீர்க் கடைக்காரர்கள் அதே சரக்கு இருநூறு கிலோ வேண்டும் என்று வந்து நின்றார்கள். பையில் மிச்சம் இருந்தது நாலு கிலோ. வேறு தேயிலை வாங்கி, பஞ்சில் தைலம் நனைத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். குடித்தவர்களுக்குத் தலைவலி வந்தது. தைலத்துக்கு நடுவில் ஆள் இருக்க வேண்டும், அவர் உடம்புச் சூடு இருக்க வேண்டும், தலைமாட்டில் ஆரஞ்சுத் தோல் இருக்க வேண்டும் என்பது தெளிவானது. வந்திருந்தவர்களில் ஒருவர், வேலை சீக்கிரம் முடிய இரண்டு மாமனார்களைப் போடலாமா என்று கேட்டார். இன்னொருவர், பெரியவருக்குச் சளி பிடித்தால் மணம் மாறுமா என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்.

ஜோங் யோங்தே எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நிபந்தனை சொன்னார். சாப்பாடு இனிமேல் கீழே, எல்லோரோடும். சீட்டாட்டக் கூட்டாளிகள் வீட்டுக்கு வரலாம். மூன்றாவதுதான் இடி.

"தைலத்த மாப்ளதான் தேச்சுவிடணும். எனக்குக் குனிய முடியல."

கட்டிலின் கால்களுக்குச் செங்கல் கொடுத்து உயர்த்தி, அடியில் பதினெட்டுப் பெட்டிகளை அடுக்கினார்கள். பெரியவர் ஏணி வைத்து ஏறினார். படகில் மேல் படுக்கை மாதிரியே இருக்கிறது என்று அவருக்கு ஒரே சந்தோஷம். போலின் ஒவ்வொரு நாளும் சாப்பாட்டுக்குப் பிறகு அதே ஏணியில் பாதி ஏறி நின்று முழங்கால் தேய்த்தார். முதல் நாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு தேய்த்துப் பார்த்தார். ஒரு முட்டியைத் தேய்க்கவே கால் மணி நேரம் ஆகும், அவ்வளவு நேரம் மூச்சைப் பிடிக்க எவராலும் முடியாது. மூச்சு விட்டார். மூச்சு விட்டதும் பேச்சும் நீண்டது. வலது முட்டி ஒரு புயலில் கப்பியில் சிக்கியது என்பதும், இடது முட்டி வெறுமனே மாடிப்படியில் வழுக்கியது என்பதும் அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஊர் சும்மா இருக்குமா? சீனப் புத்தாண்டு வருவதற்குள் தியான்தோவில் சும்மா படுத்திருக்கும் முதியவர் ஒருவர்கூட இல்லை. எல்லோருக்கும் அடியில் தேயிலை இருந்தது. வென்சோவிலும் ஷியாமெனிலும் மகள் வீட்டில் விட்டுவைத்திருந்த அப்பாக்களைப் பிள்ளைகள் வண்டி வைத்து அழைத்துவந்தார்கள். ஒரு வீட்டில் அண்ணன் தம்பி இருவரும் அப்பா இந்த மாதம் யார் கட்டிலில் என்று அடித்துக்கொள்ள, பஞ்சாயத்து அப்பாவை நடுவில் போடச் சொன்னது. மருந்துக் கடையில் தைலம் தீர்ந்துபோனது. புகார் கொடுத்த ஷீ குவோவெய்கூடப் பீச் பழத்தை நிறுத்திவிட்டு மாமியாரைப் படுக்கவைத்தார்.

மார்ச் 16 அன்று விசாரணை. மேசைமேல் ஐந்து கோப்பைகள். ஊரில் ஐந்து வீடுகளிலிருந்து வாங்கிய புதுச் சரக்கு, அதில் ஒன்று போலின் வீட்டுப் பெட்டியிலிருந்து. அடையாளம் கண்டுவிட்டால் நவம்பரிலும் கண்டிருப்பார், ஆகவே திருடன். காணாவிட்டால் நாக்கு போய்விட்டது. இப்படி ஒரு சோதனையை யோசித்து வைத்தவர் ஷீ குவோவெய்தான். பார்க்க அரைச் சந்தை கூடியிருந்தது. ஜோங் யோங்தேயை நாற்காலியோடு தூக்கி வந்து வாசலுக்கு வெளியே, தைல நெடி உள்ளே வராத பக்கம் உட்காரவைத்திருந்தார்கள்.

போலின் கரண்டியை எடுத்தார். முதல் கோப்பை, புகை பிடிக்கிற கிழவர். இரண்டாவது, பெண்மணி, ஒருவேளை ஷீயின் மாமியார். ஷீ தலையைக் குனிந்துகொண்டார். மூன்றாவதைத் துப்பிவிட்டு, இந்தக் கட்டிலில் யாரும் படுக்கவில்லை, ஏமாற்று என்றார். கூட்டத்தில் ஒருவர் மெல்ல நழுவினார். நான்காவதை உறிஞ்சியதும் அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

தெரியவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் திருட்டுப் பட்டம் போகும். தெரிகிறது என்று சொல்லி நிறுத்திக்கொண்டால் நாக்காவது மிஞ்சும். அவர் மாதக்கணக்காக ஆசைப்பட்டதும் அதுதான். கரண்டியை மேசைமேல் வைத்தார்.

"இது எங்க மாமா" என்றார். "இப்ப கண்ண மூடிட்டுச் சொல்லுவேன். நவம்பர்ல தெரியல. பதினாலு வருஷமா ஒரே வீட்ல இருந்தோம், நான் அவர் கிட்டப் போனதே இல்ல. நாக்குக்கு ஒண்ணும் ஆகல. போக வேண்டிய எடத்துக்கு அதக் கூட்டிட்டுப் போகல, அவ்வளவுதான். எதுன்னு எழுதணுமோ எழுதிக்குங்க."

யே ஷூஹுவா பேனாவை எடுத்தார், மூடினார். திருட்டு என்றும் எழுதவில்லை, நாக்கு போச்சு என்றும் எழுதவில்லை. சங்கம் கூடி முடிவெடுத்துக் கடிதம் எழுதும் என்றார். வெளியே பெரியவர், உள்ளே மாப்பிள்ளை என்ன சொன்னார் என்று பக்கத்தில் நின்றவரை இரண்டு முறை கேட்டார். சொன்னதும், ஆரஞ்சுத் தோல் இருந்தால் ஒரு துண்டு கொடுங்கள் என்றார்.

முதல் கடிதம் ஏப்ரலில் வந்தது. மணமூட்டும் பொருளின் பெயர், விளையும் இடம், கெடாமல் இருக்கும் காலம் ஆகியவற்றை நிரப்பி, அதே பொருளில் இருநூறு கிராம் மாதிரியை முத்திரையிட்டு அனுப்பவும் என்று கேட்டிருந்தது. போலின், பொருளின் பெயருக்கு நேராக ஜோங் யோங்தே என்றும், இடத்துக்கு நேராக ஷாச்செங் என்றும் எழுதினார். மாதிரி அனுப்ப இயலாது என்றார். கெடாமல் இருக்கும் காலத்துக்கு என்ன எழுதுவது என்று பெரியவரையே கேட்டார். அவர் சொன்னபடி, பார்க்கலாம் என்று எழுதினார்.

மே மாதம் வந்த கடிதம், உறவுமுறை காரணமாகப் பரிசு செல்லாது என்றது. மெய்ச்சின் எட்டாயிரத்தையும் திருப்பிக் கட்டினாள். ஹாங்சோக்காரர்கள் மூன்று மாதச் சரக்கைக் குடித்துப் பார்த்து, பழையதன் ஆழம் இல்லை, பதினான்கு வருடம் கழித்து வருகிறோம் என்று ஒப்பந்தம் நீட்டினார்கள். 2038-இல் பெரியவருக்குத் தொண்ணூற்று மூன்று. அவர் கண்ணாடிகூடப் போடாமல் கையெழுத்துப் போட்டார்.

மூன்றாவது கடிதம் வந்தபோது போலின் ஏணியில் நின்று வலது முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கை முழுக்கத் தைலம், அதனால் மெய்ச்சின் கீழே நின்று படித்துக் காட்டினாள். நடுவர் பட்டியலில் அவர் பெயர் தொடரும். எதுவும் கலக்காத தனித் தேயிலைப் பிரிவில் அல்ல. பிறர் காண முடியாததைக் காணும் திறமை வெளிப்பட்டதால், இந்த ஆண்டு முதல் அவர் மணமூட்டிய பிரிவுக்கு நிரந்தரத் தலைமை நடுவர். ரோஜா, மாம்பழம், பாலாடைக்கட்டி எல்லாம் இனி ஆயுள் முழுக்க அவருக்கே.

கட்டில் ஆடுகிற அளவுக்குப் பெரியவர் சிரித்தார்.

"அப்ப இனிமே பூண்டு திங்கலாம் மாப்ளே."

"இடது முட்டிய நீட்டுங்க மாமா" என்றார் போலின்.

இதற்குப் பிறகு சங்கத்திலிருந்து கடிதம் எதுவும் வரவில்லை. அந்தக் கடைசிக் கடிதம் வந்து சேர்ந்தது 2024 ஜூன் 18 அன்று.