பால் மேடைகளும் ஆறு இஞ்ச்சும்

அண்ணிக்காக நாத்தனார் வரிந்துகட்டிக்கொண்டு சண்டைக்குப் போன கதையை யாராவது கேட்டிருக்கிறீர்களா? நான் போனேன். இன்னும் வயிற்றெரிச்சல் அடங்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் அண்ணி பால் வண்டி ஓட்டுகிறார். மலைப் பண்ணைகளில் கேன்களை ஏற்றி, நான் வேலை பார்க்கும் குளிரூட்டும் நிலையத்தில் கொண்டுவந்து இறக்குவார். அங்கே பாலைச் சோதிக்கிற ஆள் நான். கேனைத் திறந்து முகர்ந்து பார்ப்பேன், புளிப்பு தட்டினால் சாக்கடையில் கொட்டச் சொல்வேன். சொந்த அண்ணி கொண்டுவந்தது என்பதற்காக என் மூக்கு பொய் சொல்லாது.

மலைப்பாதையில் ஒவ்வொரு பண்ணை வாசலிலும் ஒரு மேடை இருக்கும். ஒருவர் கல்லால் கட்டியிருப்பார், இன்னொருவர் மரக்கட்டைகளை அடுக்கியிருப்பார், சோம்பேறி ஒருவர் பழைய இரும்புப் பீப்பாய்களின் மேல் கதவைப் போட்டு வைத்திருக்கிறார். உயரம் மட்டும் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். அண்ணியுடைய பிக்கப்பின் பின்தட்டு உயரம். புதிதாக மேடை கட்டுகிறவர்கள், "வண்டியைக் கொஞ்சம் நிறுத்தும்மா" என்று கயிறு பிடித்து அளந்துகொண்ட பிறகே முதல் கல்லை வைப்பார்கள். வாளி வாளியாகப் பாலைக் கொண்டுவந்து மேடையில் இருக்கும் கேனிலேயே ஊற்றி மூடிவிட்டு மாட்டைப் பார்க்கப் போய்விடுவார்கள். அண்ணி வண்டியைப் பின்னால் எடுத்து மேடையோடு ஒட்டி நிறுத்துவார், பின்கதவை இறக்கி மேடைமேல் படுக்கவைப்பார், கேனைச் சாய்த்து அடிவிளிம்பில் உருட்டி உள்ளே தள்ளுவார். தூக்குகிற வேலையே இல்லை. நிறைந்த கேனைத் தூக்குவதென்றால் இரண்டு தடியன்கள் வேண்டும்.

இந்த மழையில் பாதை அரித்துக்கொண்டு போய், ஒரு வளைவில் பாறை முதுகைக் காட்டிக்கொண்டு எழுந்துவிட்டது. வண்டியின் அடிவயிறு அதில் இடித்து, எஞ்சின் ஆயில் முழுக்கக் கொட்டிப்போனது. பால் மொத்தமும் கெட்டது. "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா ரூட்டை வேற வண்டிக்குக் குடுத்துருவேன்" என்று எங்கள் சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் சொன்னார். அண்ணன் தையல் ஆலையில் வேலை செய்கிறார். ஆலை நினைத்தால் திறக்கும், நினைத்தால் மூடும். அந்தப் பால் ரூட்தான் எங்கள் வீட்டு அடுப்பு.

பாறையில் இடிக்காமல் இருக்க, வண்டியின் உடம்பைச் சக்கரத்துக்கு மேல் கொஞ்சம் உயர்த்தி வைக்க வேண்டும் என்று முடிவானது. அந்த வேலை செய்கிற கடைக்கு அண்ணியோடு நானும் போனேன். என் தம்பியும் வந்தான், யாரும் கூப்பிடாமலே. அவனுக்கு வண்டிப் பைத்தியம். சொந்தமாக ஒரு சைக்கிள்கூடக் கிடையாது.

கடைக்காரரை எல்லோரும் ஸ்பிரிங் என்றுதான் கூப்பிடுவார்கள். "அக்கா, வண்டியை ஆறு இஞ்ச் உசத்தற கிட் போட்டு, பெரிய வீல் மாட்டிட்டீங்கன்னா பாறை என்ன, ஆத்தையே தாண்டலாம்" என்றார்.

"நான் எதுக்குங்க ஆத்தைத் தாண்டணும்? பாறையில இடிக்காம இருந்தாப் போதும்" என்றார் அண்ணி. "ரெண்டு இஞ்ச் கிட் போடுங்க. டயர் இதே அளவுல, பட்டன் மட்டும் சேத்துல வழுக்காம ஆழமா இருக்கட்டும். ரெண்டு இஞ்ச்னா மேடையில ஒரு பலகையைப் போட்டுச் சமாளிச்சுக்குவேன்."

என்ன மேடை என்று ஸ்பிரிங் கேட்கவில்லை. அண்ணியின் தலைக்கு மேலாக என் தம்பியைப் பார்த்துப் பேச ஆரம்பித்துவிட்டார். இருவரும் சுவரில் இருந்த படங்களைப் பார்த்து உருகினார்கள். கடைசியில்தான் அண்ணி பக்கம் திரும்பி, பெரிய மனது பண்ணி, "ரிம்முக்குக் கலர் மட்டும் நீங்க சொல்லுங்கக்கா" என்றார். எனக்குச் சுரீர் என்றது. ஓட்டுகிறவர் அவர், ஏற்றுகிறவர் அவர், விழுந்தால் அடிபடுகிறவரும் அவர். அவருக்குக் கலர் மட்டும்தானா?

அண்ணி கலர் சொல்லவில்லை. "ரெண்டு இஞ்ச்" என்று இன்னொரு முறை சொல்லிவிட்டுச் சாவியைக் கொடுத்தார்.

வண்டி திரும்பி வந்தபோது எங்கள் வாசலே இருட்டிவிட்டது, அவ்வளவு உயரம். கன்னங்கரிய வீல்கள் மட்கார்டைத் தாண்டி வெளியே துருத்திக்கொண்டு நின்றன. "சர்ப்ரைஸ் அண்ணி!" என்று குதித்தான் தம்பி. வண்டி கடையில் இருந்தபோது அவனே போய் ஆறு இஞ்ச் என்று மாற்றிச் சொல்லியிருக்கிறான். ஸ்பிரிங்கும் யாரையும் கேட்காமல் மாட்டிவிட்டார். அண்ணன் வேறு, "அவனுக்கு வண்டியைப் பத்தி நல்லாத் தெரியும்" என்று பாராட்டினார். எனக்கு வந்த கோபத்துக்கு இரண்டு பேர் மண்டையையும் சேர்த்து முட்டவைத்திருப்பேன். விடிந்தால் பாலெடுக்க வேண்டும். அண்ணி பின்தட்டைக் கையால் தொட்டுப் பார்த்தார். வழக்கமாக இடுப்பில் நிற்கிற தட்டு விலாவில் நின்றது.

மறுநாள் நிலையத்துக்கு எல்லா வண்டிகளும் வந்து போன பிறகுதான் அண்ணி வந்தார். உடம்பெல்லாம் பால், ஒரு தோள் தொங்கிக் கிடந்தது. வழியில் இருக்கும் எந்த மேடையும் வண்டிக்கு எட்டவில்லையாம். ஒவ்வொரு பண்ணையிலும் ஹாரன் அடித்து, ஆள் வரும்வரை காத்திருந்து, ஆள் வராத இடத்தில் தானே தூக்கப் பார்த்து, ஒரு கேன் கவிழ்ந்தே போயிருக்கிறது. நான் மூடிகளைத் திறந்தேன். பாதி கேன்கள் புளித்துவிட்டன. அண்ணி பார்த்துக்கொண்டு நிற்க, என் கையாலேயே கொட்டினேன். அந்தப் பாவத்தையும் என் தம்பி கணக்கில்தான் எழுத வேண்டும்.

சூப்பர்வைசர் வந்து, "நாளைக்கும் இப்படின்னா ரூட் உங்களுக்கு இல்லம்மா" என்றார்.

நேரே கடைக்குப் போனோம். தம்பி அங்கேதான் இருந்தான், இன்னொருவர் வண்டிக்கு யோசனை சொல்லிக்கொண்டு. விஷயத்தைக் கேட்ட ஸ்பிரிங் கொஞ்சமும் கூசாமல், "மேடையை எல்லாம் கொஞ்சம் உசத்திக்கச் சொல்லுங்கக்கா" என்றார்.

அவ்வளவுதான், நான் பிடித்துக்கொண்டேன். "ஏன்யா, உன் வீலுக்காக மலையில இருக்கறவன் எல்லாம் மேடையை இடிச்சுக் கட்டணுமா? மாட்டையும் உசரமா வளக்கச் சொல்லட்டுமா? ரெண்டு இஞ்ச்னு தமிழ்லதானே சொன்னாங்க? அவங்க வாயைத் திறந்தா உங்களுக்கெல்லாம் காது அடைச்சுக்குமா?" தெருவே வேடிக்கை பார்த்தது. பார்க்கட்டும்.

"அக்கா, நல்லதுக்குத்தானே..." என்று தம்பி இழுத்தான்.

"வாயை மூடுடா."

"கழட்டி மாத்தறதுக்கு ஒரு நாள் ஆகும்க்கா. நாளைக்குக் காலையில வண்டி வேணும்னா முடியாது" என்றார் ஸ்பிரிங்.

அண்ணி குரலை உயர்த்தவில்லை. வண்டியிலிருந்து ஒரு காலி கேனை இறக்கி, கடை வாசலின் நடுவில் போட்டு, அதன்மேல் உட்கார்ந்தார். "சரிங்க. அப்ப நாளைக்குக் கேன் ஏத்த ஆள் வேணும். நீங்களும் தம்பியும் வாங்க. வரேன்னு சொல்ற வரைக்கும் நான் இங்கதான் இருப்பேன்."

உள்ளே இருந்த வண்டி வெளியே வர முடியவில்லை, வெளியே நின்ற வண்டி உள்ளே போக முடியவில்லை. ஸ்பிரிங் கெஞ்சிப் பார்த்தார், சிரித்துப் பார்த்தார், கடைசியில் வருவதாக ஒப்புக்கொண்டார்.

நான் லீவு போட்டுவிட்டு முன்சீட்டில் போய் உட்கார்ந்தேன். இதைப் பார்க்காமல் விடுவேனா? முதல் பண்ணையில் இருவரும் சிரித்துக்கொண்டே தூக்கினார்கள். மூன்றாவதில் பேச்சு நின்றது. பிறகு என் தம்பி இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "இதை அண்ணி தனியாவா தூக்கினாங்க?" என்று கேட்டான். அண்ணி அடுத்த மேடைக்கு வண்டியை எடுத்தார். புது வீல்கள் வாரியிறைத்த சேறு இருவர் முகத்திலும் அப்பியிருந்தது. கல் மேடைக்காரர் வெளியே வந்து வண்டியை ஏற இறங்கப் பார்த்து, "ஏம்மா, உன்னைக் கேக்காமலா இப்படிப் பண்ணினாங்க?" என்றார். எந்த உறவும் இல்லாத மனுஷன், அவருக்குக் கேட்கத் தோன்றியது.

பால் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஒரு துளி கெடவில்லை. ரூட் பிழைத்தது.

அங்கிருந்து வண்டி நேராகக் கடைக்குப் போனது. ஸ்பிரிங் தானாகவே டேப்பை எடுத்துக்கொண்டு வந்தார். இந்த முறை வீல் பக்கம் போகாமல் அண்ணி முன்னால் வந்து நின்று, "எவ்வளவு உயரம் வேணும்க்கா?" என்றார்.

அண்ணி இடுப்பில் கை வைத்துக் காட்டினார். "இதுக்கு மேல ஒரு பலகை கனம். அவ்வளவுதான்."

தம்பி தரையில் காலை நீட்டி உட்கார்ந்து முதுகைச் சுவரில் தேய்த்துக்கொண்டிருந்தான். "அண்ணி, இந்த வீலையும் கழட்டிரணுமா? என்ன வீல் போடறது?"

"என்ன வீல்னு நான் சொல்லிக்கிறேன் தம்பி" என்றார் அண்ணி. "கலர் மட்டும் நீ சொல்லு."